பயந்த முகத்தைப் பார்க்கும் மூளை: அடங்காத பிள்ளைகளும் அமிக்டலாவின் கூட்டாளிகளும்

ஸ்கேனருக்குள் படுத்திருக்கும் பையனுக்குக் கொடுத்த வேலை ரொம்பச் சுலபம். கண்ணெதிரே ஒரு முகம் தோன்றும்; அது ஆணா பெண்ணா என்று பார்த்துக் கையிலிருக்கும் பொத்தானை அழுத்த வேண்டும். சில முகங்களில் ஒரு உணர்ச்சியும் இருக்காது. சில கோபமாக முறைக்கும். சில பயத்தில் கண் அகன்று, வாய் பிளந்து நிற்கும். முகத்தில் தெரிவது என்ன உணர்ச்சி என்று மட்டும் யாரும் அவனிடம் கேட்பதில்லை. கேட்காமல் விடுவதில்தான் சோதனையின் சூட்சுமம் இருக்கிறது. கேட்டால் யோசித்துச் சரியான பதிலைச் சொல்லிவிடுவான். கேட்காதபோது, பயந்த முகம் கண்ணில் பட்டதும் மூளை தன்போக்கில் என்ன செய்கிறது என்பது பதிவாகும்.

அமெரிக்கத் தேசிய மனநல ஆய்வு நிறுவனத்தில் அபிகெய்ல் மார்ஷ், ஜேம்ஸ் பிளேர் முதலானோர் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வகை. 7 முதல் 17 வயது வரை மொத்தம் 36 பேர். மூன்று குழு, குழுவுக்கு 12 பேர். முதல் குழுவில் அடாவடி நடத்தையோடு இரக்கம் குன்றிய பண்புகளும் உள்ளவர்கள். இரண்டாவதில் ஏடிஎச்டி எனப்படும் கவனச்சிதறல் கோளாறு உள்ளவர்கள். மூன்றாவதில் எந்தச் சிக்கலும் இல்லாதவர்கள். பயந்த முகங்களைக் காட்டியபோது முதல் குழுவினரிடம் அமிக்டலா என்ற மூளைப்பகுதி மற்றவர்களைவிடக் குறைவாகவே இயங்கியது. கோப முகத்துக்கும் உணர்ச்சியற்ற முகத்துக்கும் அந்த வித்தியாசம் தெரியவில்லை.

செய்தித்தாள்களில் வருவது இவ்வளவுதான்: ‘இரக்கமில்லாத பிள்ளைகளுக்கு அமிக்டலா வேலை செய்வதில்லை.’ அதே ஆய்வில் இன்னொரு முடிவும் இருந்தது. அமிக்டலாவும், நெற்றிக்குப் பின்னால் மூளையின் அடிப்பக்கத்தில் உள்ள ஒரு பகுதியும் சேர்ந்து இயங்குவது முதல் குழுவில் தளர்ந்திருந்தது. அறிகுறிகள் எவ்வளவு கடுமையோ அவ்வளவுக்குத் தளர்வு. என்னைக் கேட்டால், இந்த இரண்டாவது முடிவுதான் கனமானது. அதைப் புரிந்துகொள்ள ‘இணைப்பு’ என்று விஞ்ஞானிகள் எதைச் சொல்கிறார்கள் என்பது தெரிய வேண்டும். அதற்கு முன், இந்த ஆய்வுகள் யாரைப் பற்றியவை என்று பார்த்துவிடலாம்.

எந்தப் பிள்ளைகள்?

அப்பா பேச்சைக் கேட்காத பையனோ, கதவை அறைந்து சாத்தும் பதின்வயதுப் பெண்ணோ இங்கே பேசப்படுபவர்கள் இல்லை. மனநல மருத்துவத்தில் நடத்தைக் கோளாறு என்றொரு நோயறிதல் உண்டு. அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் கையேடான டிஎஸ்எம்-5 அதற்கு 15 நடத்தைகளைப் பட்டியலிடுகிறது. வலியப் போய்ச் சண்டை இழுப்பது, ஆயுதத்தைப் பயன்படுத்துவது, விலங்குகளை வதைப்பது, தீ வைப்பது, திருடுவது, ஏமாற்றுவது, வீட்டை விட்டு ஓடுவது, பள்ளிக்கு அடிக்கடி மட்டம் போடுவது என்று போகும் அந்தப் பட்டியலில், கடந்த 12 மாதங்களில் குறைந்தது மூன்று இருந்திருக்க வேண்டும்.

கணக்கைக் கொஞ்சம் கவனியுங்கள். 15-இல் ஏதேனும் மூன்று போதும் என்றால், இந்தப் பெயரைச் சுமக்கும் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரு நடத்தைகூடப் பொதுவாக இல்லாமல் போகலாம். ஒருவன் எதற்கெடுத்தாலும் கைநீட்டுவான், அடித்தபின் அழுவான். இன்னொருவன் யாரையும் அடித்ததே இல்லை. நிதானமாகத் திட்டம் போட்டுத் திருடி, பழியை அடுத்தவன்மேல் போட்டுவிட்டுத் தூங்கப் போவான். இருவருக்கும் கோப்பில் ஒரே பெயர். இவர்களைக் கலந்து ஒரே குழுவாக வைத்து மூளையை அளந்தால் கிடைக்கும் சராசரி யாருடைய மூளையையும் சொல்லாது. பழைய ஆய்வுகள் பலவும் ஒன்றுக்கொன்று முரண்பட்டதற்கு இது பெரிய காரணம்.

அதனால் 2013-இல் வெளிவந்த டிஎஸ்எம்-5, நோயறிதலோடு ஒரு துணைக்குறிப்பைச் சேர்த்தது. செய்த தவற்றுக்கு வருந்தாமை, பிறர் துன்பத்தைப் பொருட்படுத்தாமை, படிப்பிலோ வேலையிலோ தோற்பதைப் பற்றிய அக்கறையின்மை, மேலோட்டமான உணர்ச்சிகள் ஆகிய நான்கில் குறைந்தது இரண்டு ஓராண்டாக, வீட்டிலும் வெளியிலும் தெரிந்தால் அதைத் தனியாகக் குறிக்க வேண்டும். பால் ஃபிரிக் என்ற உளவியலாளரும் சகாக்களும் பல ஆண்டுகளாக வலியுறுத்திவந்த பிரிவு இது. ‘மனசில் ஈரமில்லாதவன்’ என்று நாம் சொல்வதற்குக் கிட்டத்தட்ட அருகில் வரும். நடத்தைக் கோளாறு உள்ள பிள்ளைகளில் இவர்கள் சிறுபான்மை.

பயத்தைப் படிக்கும் இடம்

அமிக்டலா, காதுக்கு உள்பக்கமாக ஆழத்தில், இடத்தில் ஒன்றும் வலத்தில் ஒன்றுமாக இருக்கும் பாதாம் பருப்பு வடிவ நரம்பணுக் கூட்டம். ‘மூளையின் பய மையம்’ என்று இதற்குப் பெயர் கொடுத்துவிட்டார்கள். அது அரைகுறை உண்மை. கண்முன் நடப்பவற்றில் எது முக்கியம், எதைக் கவனித்தே ஆக வேண்டும் என்று குறிப்பது அதன் வேலை என்பது கூடுதல் சரி.

எஸ்.எம். என்ற எழுத்துகளால் மட்டும் அறியப்படும் அமெரிக்கப் பெண்ணின் கதை இதைத் தெளிவாக்கும். அர்பாக்-வீத்தே என்ற மிக அரிய நோயால் அவருடைய இரண்டு அமிக்டலாக்களும் அழிந்துவிட்டன. மற்றவர் முகத்தில் மகிழ்ச்சியை அவரால் படிக்க முடிந்தது, பயத்தை முடியவில்லை. 1994-இல் இதை அறிவித்த ரால்ஃப் அடால்ஃப்ஸும் சகாக்களும், 2005-இல் அதற்கான காரணத்தையும் கண்டார்கள். அவர் முகத்தைப் பார்க்கும்போது கண்களைப் பார்ப்பதே இல்லை. பயம் அதிகம் தெரிவது விரிந்த கண்களில். ‘கண்ணைப் பாருங்கள்’ என்று சொன்னதும், பயந்த முகத்தை அவர் சரியாகக் கண்டுகொண்டார். சொல்வதை நிறுத்தியதும் பழைய நிலைக்குத் திரும்பினார்.

அடுத்த ஆண்டே ஆஸ்திரேலியாவில் மார்க் டாட்ஸ் குழு இதே சோதனையை இரக்கம் குன்றிய பண்புகள் உள்ள சிறுவர்களிடம் செய்தது. அவர்களும் பயந்த முகத்தைத் தவறாகப் படித்தார்கள். கண்களைப் பார்க்கச் சொன்னதும் பிழை மறைந்தது. இந்தச் சிறுவர்களின் அமிக்டலா அழிந்துபோனதல்ல. இருக்கிறது, இயங்கவும் செய்கிறது. எதைக் கவனிக்க வேண்டும் என்று தானாகக் குறிக்கும் வேலையில் ஏதோ குறைகிறது.

இது ஏன் ஒழுக்கத்தோடு சம்பந்தப்படுகிறது? ஜேம்ஸ் பிளேர் 1990-களிலிருந்து சொல்லிவரும் விளக்கம் இது. மூன்று வயதுக் குழந்தை தம்பியின் பொம்மையைப் பிடுங்கித் தள்ளிவிடுகிறது. தம்பி அலறுகிறான், முகம் பயத்தில் கோணுகிறது. பெரும்பாலான குழந்தைகளுக்கு அந்த முகமே வேதனை தரும். அம்மா அதட்டுவதற்கு முன்பே, ‘இதைச் செய்தால் இந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும்’ என்ற பாடம் உள்ளே பதிந்துவிடும். இப்படி ஆயிரம் முறை நடந்து நடந்துதான், அடுத்தவரை நோகடிக்கக் கூடாது என்பது உறுத்தலாக மாறுகிறது. பிறர் பயம் உறைக்காத குழந்தைக்கு இந்தப் பாடமே நடப்பதில்லை. அதட்டலும் அடியும் மட்டும் மிஞ்சும். அவை கற்றுத்தருவது மாட்டிக்கொள்ளாமல் இருப்பதை.

பாடம் பதிய அமிக்டலா மட்டும் போதாது. ‘கவனி’ என்று அது குறித்ததை, செயலோடும் விளைவோடும் சேர்த்து எடைபோட்டு, ‘அடுத்த முறை செய்யலாமா’ என்று தீர்மானிக்க இன்னொரு பகுதி வேண்டும். நெற்றிக்குப் பின்னால், கண்குழிகளுக்கு மேலே இருக்கும் முன்மூளையின் கீழ்ப்பகுதி அந்த வேலையைச் செய்கிறது. மார்ஷ் ஆய்வில் அமிக்டலாவோடு சேர்ந்து இயங்காமல் தனித்து நின்றது இதுதான்.

‘இணைப்பு’ என்றால் என்ன?

இங்கேதான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். மூளைப் பகுதிகளின் இணைப்பு என்று படித்ததும் ஒயரை நினைத்துக்கொள்கிறோம். ஒயரும் உண்டு. அமிக்டலா இருக்கும் காதோரப் பகுதியிலிருந்து முன்மூளையின் அடிப்பக்கத்துக்குக் கொக்கி வடிவில் வளைந்து செல்லும் நரம்பிழைக் கற்றை ஒன்று இருக்கிறது. நரம்பிழைகளின் ஊடே நீர் மூலக்கூறுகள் எந்தத் திசையில் பரவுகின்றன என்பதை வைத்து இத்தகைய கற்றைகளின் சீர்மையை எம்ஆர்ஐ அளந்துவிடும். 1990-களில் பீட்டர் பாசர் உருவாக்கிய முறை அது. இதைக் கட்டமைப்பு இணைப்பு என்பார்கள்.

உணர்ச்சிச் சோதனைகளில் அளக்கப்படுவது இதுவல்ல, செயல்பாட்டு இணைப்பு. எஃப்எம்ஆர்ஐ கருவி மூளையை மூன்று மில்லிமீட்டர் அளவுள்ள சின்னச் சின்னக் கனசதுரங்களாகப் பிரித்து, ஏறத்தாழ இரண்டு விநாடிக்கு ஒருமுறை படம் பிடிக்கிறது. ஒவ்வொரு கனசதுரத்திலும் லட்சக்கணக்கில் நரம்பணுக்கள். அவை உழைக்கும்போது அங்கே ஆக்சிஜன் உள்ள ரத்தம் கூடுதலாகப் பாயும். கருவி பார்ப்பது அதைத்தான். நரம்பணு இயங்கி, ரத்தம் வந்து, சமிக்ஞை உச்சத்தைத் தொட ஐந்தாறு விநாடி ஆகும். ஆக, நமக்குக் கிடைப்பது ஒவ்வொரு பகுதிக்கும் ஏறி இறங்கும் ஒரு கோடு. அமிக்டலாவின் கோடும் முன்மூளையின் கோடும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கினால், அவற்றுக்கிடையே இணைப்பு வலுவானது என்கிறார்கள். இரண்டு கோடுகள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று சொல்லும் ஒட்டுறவு எண்ணைக் கணக்கிடுவதைத் தவிர இதில் மாயம் ஏதுமில்லை.

எங்கள் வீட்டில் மின்விளக்கு மங்கும்போதெல்லாம் எதிர்வீட்டிலும் மங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதனால் எங்கள் வீட்டிலிருந்து எதிர்வீட்டுக்கு ஒயர் போகிறது என்று ஆகாது. இரண்டு வீட்டுக்கும் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றாக இருக்கலாம். யாரால் யாருக்கு மங்குகிறது என்பதையும் இந்தத் தகவலிலிருந்து சொல்ல முடியாது. செயல்பாட்டு இணைப்பைப் பற்றிப் படிக்கும்போது இந்த இரண்டையும் நினைவில் வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். சேர்ந்து இயங்குவதை அது சொல்கிறது; காரணத்தையும் திசையையும் சொல்வதில்லை. திசையை ஊகிக்கத் தனிக் கணித மாதிரிகள் இருக்கின்றன. அவை எடுத்துக்கொள்ளும் அனுமானங்களும் அதிகம்.

ஓய்வில் இருக்கும் மூளையிலும் பகுதிகள் இப்படிச் சேர்ந்து இயங்குகின்றன என்று 1995-இல் பரத் பிஸ்வால் காட்டினார். விரலைக்கூட அசைக்காமல் படுத்திருப்பவரிடமும், கையை இயக்கும் இடப்பகுதியும் வலப்பகுதியும் ஒன்றாக ஏறி இறங்கின. நம் விஷயத்தில் கேள்வி இன்னும் கூர்மையானது: பயந்த முகம் தோன்றும் கணங்களில், சாதாரண முகம் தோன்றும் கணங்களைவிட, இந்த இரண்டு பகுதிகளின் கூட்டு இறுகுகிறதா தளர்கிறதா?

எலிசபெத் ஃபிங்கரும் சகாக்களும் 2012-இல் வெளியிட்ட ஆய்வு இதனால்தான் எனக்குப் பிடித்தமானது. நடத்தைச் சிக்கலும் இரக்கமின்மையும் உள்ள இளையோரிடம் அவர்கள் கட்டமைப்பு இணைப்பு, செயல்பாட்டு இணைப்பு இரண்டையும் அளந்தார்கள். அமிக்டலாவும் முன்மூளையும் சேர்ந்து இயங்குவது குறைந்திருந்தது. இடையிலுள்ள நரம்பிழைக் கற்றையில் குறை தெரியவில்லை. ஒயர் நன்றாக இருக்கிறது, விளக்குகள்தான் சேர்ந்து எரியவில்லை. வயதுவந்த, கடும் குற்றங்கள் செய்த சைக்கோபதிகளிடம் (இரக்கமோ குற்றவுணர்வோ இல்லாதவர்களிடம்) அந்தக் கற்றையே சீர்குலைந்திருப்பதை 2009-இல் லண்டன் ஆய்வாளர்கள் கண்டிருந்தார்கள். சிறுவயதில் சரியாக இருந்து பின்னால் கெடுகிறதா? ஆட்கள் வேறு, வயது வேறு, எண்ணிக்கையும் சிறியது என்பதால் இரண்டு ஆய்வுகளைப் பக்கத்தில் வைத்து அப்படி முடிவுகட்டிவிட முடியாது. அந்தக் கற்றை இருபது வயதைத் தாண்டியும் முதிர்ந்துகொண்டே இருக்கும் ஒன்று என்பது மட்டும் உறுதி.

ஒரே எண், எதிரெதிர்க் கதை

இனி, அடித்துவிட்டு அழும் முதல் பையனிடம் வருவோம். இவனுடைய அமிக்டலா மௌனமாக இல்லை. நேர் எதிர்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் எஸ்ஸி விடிங், கேத்தரின் செபாஸ்டியன் குழுவினர் 2012-இல் ஒரு நுட்பமான சோதனை செய்தார்கள். பயந்த முகத்தைக் கண் உணர முடியாத அளவு குறுகிய நேரம் காட்டி, உடனே சாதாரண முகத்தால் மறைத்துவிட்டார்கள். பயந்த முகத்தைப் பார்த்ததாகவே பார்ப்பவருக்குத் தெரியாது. நடத்தைச் சிக்கல் உள்ள சிறுவர்களில் இரக்கம் குன்றியவர்களின் அமிக்டலா குறைவாகத் துடித்தது. இரக்கம் குன்றாதவர்களின் அமிக்டலா அதிகமாகத் துடித்தது. இரு சாராரையும் கலந்து சராசரி எடுத்திருந்தால் ‘வித்தியாசம் எதுவும் இல்லை’ என்று எழுதி முடித்திருப்பார்கள்.

அதிகமாகத் துடிக்கும் வகைப் பிள்ளை, உலகத்தை அபாயம் நிறைந்த இடமாகவே பார்க்கிறது. கூட்டத்தில் தெரியாமல் தோள் இடித்தாலும் ‘வேணும்னே இடிச்சான்’ என்றுதான் அதற்குத் தோன்றும். கென்னத் டாட்ஜ் என்ற உளவியலாளர் 1980 முதலே இந்தச் சாய்வை ஆராய்ந்து காட்டியிருக்கிறார்: முரட்டுப் பிள்ளைகள் இரண்டுங்கெட்டான் சம்பவத்தில்கூட எதிராளியின் கெட்ட எண்ணத்தைப் படித்துவிடுகிறார்கள். இவர்களுக்கு முன்மூளை செய்ய வேண்டிய உதவி வேறு. ‘பொறு, தெரியாமல் பட்டிருக்கும்’ என்று அமிக்டலாவைத் தணிப்பது.

திடீர் திடீரென்று வெடித்துச் சினக்கும் கோளாறு உள்ள பெரியவர்களை எமில் கொக்காரோ குழு 2007-இல் ஸ்கேன் செய்து பார்த்தது. கோப முகங்களுக்கு அவர்களின் அமிக்டலா மிகையாக இயங்கியது. மற்றவர்களிடம் தெரிந்த அமிக்டலா–முன்மூளைக் கூட்டு அவர்களிடம் தெரியவில்லை.

பாருங்கள், இங்கும் ‘இணைப்பு பலவீனம்’ என்றே முடிவு வருகிறது. ஈரமில்லாதவனிடமும் பலவீனம், எரிந்து விழுகிறவனிடமும் பலவீனம். முதலாவதில், சொல்ல ஒன்றுமில்லாத அமிக்டலாவிடமிருந்து முன்மூளைக்குச் சேதியே வந்திருக்காது. இரண்டாவதில், கத்திக்கொண்டிருக்கும் அமிக்டலாவை முன்மூளை அடக்காமல் விட்டிருக்கலாம். ‘சமூக விரோத நடத்தை உள்ள இளைஞர்களின் மூளையில் இணைப்பு குறைவு’ என்ற தலைப்பைப் பார்த்தால், எந்த உணர்ச்சிக்கு, எந்த வகைப் பிள்ளைக்கு, அமிக்டலா கூடியிருந்ததா குறைந்திருந்ததா என்று தேடிப் படியுங்கள். அந்த மூன்றும் இல்லாமல் அந்தத் தலைப்புக்குப் பொருளே கிடையாது.

பிறப்பா, வளர்ப்பா

பிரிட்டனில் ஏழு வயது இரட்டையர்களை வைத்து விடிங் 2005-இல் வெளியிட்ட ஆய்வு இந்த இரு வகைகளையும் இன்னொரு பக்கத்திலிருந்து பிரித்துக் காட்டியது. இரக்கமின்மையோடு சேர்ந்த கெட்ட நடத்தையில் பிள்ளைகளிடையே தெரிந்த வேறுபாட்டுக்கு மரபணு பங்களிப்பு 81 விழுக்காடு. இரக்கமின்மை இல்லாத கெட்ட நடத்தையில் அது 30 விழுக்காடுதான். அங்கே சூழலின் கை ஓங்கியிருந்தது.

81 என்றதும் ‘பிறவிக் குணம், மாறாது’ என்று கையை விரித்துவிடத் தோன்றும். அதற்குப் பதிலாக லூக் ஹைட் குழுவினர் 2016-இல் வெளியிட்ட ஆய்வைப் பார்க்கலாம். அமெரிக்காவில் பிறந்த உடனேயே தத்துக் கொடுக்கப்பட்ட 561 குழந்தைகளை அவர்கள் தொடர்ந்தார்கள். பெற்றவளிடம் கடுமையான சமூக விரோத நடத்தை இருந்தால், அவளோடு வாழாத குழந்தையிடமும் 27 மாதத்தில் இரக்கம் குன்றிய அறிகுறிகள் கூடுதலாகத் தெரிந்தன. மரபின் வேலைதான், சந்தேகமில்லை. வளர்த்த தாய் குழந்தையின் நல்ல செயல்களைக் கவனித்துப் பாராட்டும் பழக்கம் உள்ளவளாக இருந்தபோதோ, அந்தத் தொடர்பு கரைந்துபோனது. அவள் கொடுத்தது மருந்து எதுவும் இல்லை. ‘சமத்து, நல்லா பண்ணின’ என்ற வகைச் சொற்கள்தான்.

சூழல் இந்த அமிக்டலா–முன்மூளைக் கூட்டைத் தொடுவதற்கும் நேரடிச் சான்று உண்டு. டிலன் ஜீ, நிம் டாட்டன்ஹாம் குழு 2013-இல் கண்டது: சிறு குழந்தைகளிடம் பயந்த முகம் பார்க்கும்போது அமிக்டலாவும் முன்மூளையும் ஒன்றாக ஏறி இறங்குகின்றன, பத்து வயதை ஒட்டி இது தலைகீழாகி, ஒன்று ஏறும்போது மற்றது இறங்கும் பெரியவர்களின் பாங்கு வருகிறது. முன்மூளை அடக்கப் பழகுவதன் அடையாளமாக இதைக் கொள்கிறார்கள். அநாதை இல்லங்களில் தாய் அரவணைப்பின்றி ஆரம்ப காலத்தைக் கழித்து, பிறகு தத்தெடுக்கப்பட்ட குழந்தைகளிடம் இந்தப் பெரியவர் பாங்கு முன்கூட்டியே வந்துவிட்டிருந்தது. பார்த்துக்கொள்ள யாரும் இல்லாத பிள்ளையின் மூளை சீக்கிரமாகவே தன்னைத் தானே பார்த்துக்கொள்ளப் பழகிவிட்டது என்று ஆய்வாளர்கள் விளக்குகிறார்கள். ஆகவே வலுவான இணைப்பு என்றாலே நல்லது, பலவீனம் என்றாலே கெட்டது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது. எந்த வயதில் என்பதும் சேர்ந்தே வரும்.

நம்பலாமா?

2009-இல் அமெரிக்காவில் கிரெய்க் பென்னட் ஒரு செத்த சால்மன் மீனை ஸ்கேனரில் வைத்து, மனிதர்களின் உணர்ச்சிப் படங்களைக் ‘காட்டினார்’. மீனின் மூளையில் ஓரிடம் ஒளிர்ந்தது. லட்சம் கனசதுரங்களில் கணக்குப் போட்டால் தற்செயலாக எங்காவது ஒளிரத்தான் செய்யும். அதைக் கழிக்கும் திருத்தத்தைச் செய்யாவிட்டால் செத்த மீனும் யோசிக்கும். இந்தக் கேலிக்கு 2012-இல், முதலில் சிரிக்கவைத்துப் பிறகு சிந்திக்கவைக்கும் ஆய்வுகளுக்குத் தரப்படும் இக் நோபல் பரிசு கிடைத்தது. இப்போது அந்தத் திருத்தம் செய்யாத ஆய்வைப் பெரும்பாலும் யாரும் ஏற்பதில்லை.

நம் பிள்ளைகள் விஷயத்தில் இதைவிடப் பெரிய தொல்லை தலை அசைவு. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாகத் தலை ஆடினாலும், பகுதிகளின் கோடுகளில் போலி ஏற்ற இறக்கம் சேர்ந்து, இல்லாத இணைப்பு இருப்பதாகவும் இருப்பது இல்லாததாகவும் தெரியும். 2012-இல் ஜொனாதன் பவர் இதை நிரூபித்தபோது, வளரிளம் மூளையைப் பற்றிய முந்தைய முடிவுகள் சிலவும் ஆட்டம் கண்டன. ஸ்கேனருக்குள் யார் அதிகம் நெளிவார்கள்? சின்னப் பிள்ளைகள், அதிலும் ஓரிடத்தில் இருக்க முடியாத பிள்ளைகள். நடத்தைச் சிக்கல் உள்ளவர்களில் ஏடிஎச்டியும் சேர்ந்திருப்பது மிகச் சாதாரணம். அசைவை எப்படிக் கழித்தார்கள் என்று எழுதாத இணைப்பு ஆய்வை நான் அடுத்த பக்கத்துக்குப் புரட்டிவிடுவேன்.

எண்ணிக்கையும் உதைக்கிறது. குழுவுக்கு 12 பேர், 15 பேர் என்றால் தற்செயலுக்கு இடம் அதிகம். 2022-இல் ஸ்காட் மாரெக் குழு ஏறத்தாழ 50,000 பேரின் தரவுகளை அலசி, மூளை அளவீட்டையும் மனிதருக்கு மனிதர் மாறும் குணங்களையும் நம்பகமாகத் தொடர்புபடுத்த ஆயிரக்கணக்கானோர் தேவை என்றது. அதற்கு இரண்டு ஆண்டு முன்பு வந்த இன்னொரு ஆய்வு, முகம் காட்டும் சோதனை உள்ளிட்ட எஃப்எம்ஆர்ஐ சோதனைகளை ஒரே ஆளுக்கு மறுபடி செய்தால் அதே எண் வருவதில்லை என்று காட்டியது. குழுக்களை ஒப்பிட இவை பயன்படும். ‘உங்கள் பையனின் அமிக்டலா இணைப்பு இவ்வளவு’ என்று சொல்லப் பயன்படாது.

அதனால் ஆய்வு முறையே இப்போது மாறிவருகிறது. எனிக்மா என்ற பன்னாட்டுக் கூட்டமைப்பு 15 ஆய்வுக்குழுக்களின் ஸ்கேன்களை ஒன்றுசேர்த்து, 7 முதல் 21 வயது வரையுள்ள 2,400-க்கும் மேற்பட்டவர்களை அலசி 2024-இல் முடிவு வெளியிட்டது. நடத்தைக் கோளாறு உள்ளவர்களின் மூளைப் புறணி எனப்படும் வெளியடுக்கின் பரப்பும், அமிக்டலா உள்ளிட்ட உட்பகுதிகளின் கொள்ளளவும் சராசரியாகச் சற்றுக் குறைவு. வித்தியாசம் சிறியது, பரவலானது. ஓர் இடத்தைச் சுட்டி ‘இதுதான்’ என்று சொல்லும்படியாக இல்லை. இந்தியாவிலும் பெங்களூரு நிம்ஹான்ஸை மையமாகக் கொண்ட சிவேதா என்ற கூட்டுமுயற்சி, 6 முதல் 23 வயது வரையுள்ள ஆயிரக்கணக்கானோரை நாட்டின் பல பகுதிகளில் தொடர்கிறது. அடங்காத நடத்தையும் போதைப் பழக்கமும் எதிலிருந்து முளைக்கின்றன என்பதே அதன் கேள்வி. மேற்கத்திய நடுத்தரக் குடும்பப் பிள்ளைகளை வைத்தே எழுதப்பட்ட இந்தத் துறைக்கு அது அவசியம்.

வளர்ந்தால் சரியாகிவிடுமா?

பெரும்பாலோருக்கு, ஆம். நியூசிலாந்தின் டனிடின் நகரில் 1972-73-இல் பிறந்த 1,037 குழந்தைகளை இன்றுவரை தொடரும் ஆய்வு ஒன்று இருக்கிறது. அதில் பணியாற்றிய டெரி மோஃபிட் 1993-இல் ஒரு பிரிவினையை முன்வைத்தார்: பதின்வயதில் தொடங்கி இருபதுகளில் அடங்கிவிடுபவர்கள் ஒரு சாரார், சிறுவயதிலேயே தொடங்கி விடாமல் தொடர்பவர்கள் ஒரு சிறுபான்மை. அதே ஆட்களில் 672 பேரை 45 வயதில் ஸ்கேன் செய்து 2020-இல் வெளியிட்டபோது, மூளைப் புறணி மெலிந்தும் பரப்பு குறைந்தும் இருந்தது விடாமல் தொடர்ந்தவர்களிடம் மட்டும். பதின்வயதில் ஆடி அடங்கியவர்களிடம் அப்படிப் பரவலான மாற்றம் தெரியவில்லை. வாழ்நாள் முழுக்க அடிதடி, போதை, சிறை என்று கழித்தவர்களின் மூளை அதனாலேயே மாறியிருக்கவும் வாய்ப்பு உண்டு. 45 வயதில் எடுத்த ஒரு படம் எது முந்தி என்று சொல்லாது.

இந்த ஆராய்ச்சிகளால் வீட்டுக்கும் பள்ளிக்கும் கிடைத்த உருப்படியான பலன் தண்டனையைப் பற்றியது. டேவிட் ஹாஸும் டாட்ஸும் 2005-இல் பெற்றோர் பயிற்சி ஒன்றைப் பரிசோதித்தார்கள். இரக்கம் குன்றிய சிறுவர்களிடம், தப்புச் செய்தால் தனியே உட்காரவைக்கும் தண்டனை அவ்வளவாக எடுபடவில்லை. நல்லதைச் செய்யும்போது பாராட்டிப் பரிசளிப்பது மற்றப் பிள்ளைகளைப் போலவே அவர்களிடமும் வேலை செய்தது. பிறர் பயத்துக்கு அசையாத மூளை, தண்டனைக்கும் அதிகம் அசைவதில்லை, வெகுமதிக்கு அசைகிறது. இன்னும் அடிப்பது, இன்னும் மிரட்டுவது என்பதுதான் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு நம்மூரில் வழக்கமாகக் கிடைக்கும் வைத்தியம். அமெரிக்காவில் விஸ்கான்சின் மாநிலத்தின் மெண்டோட்டா இளையோர் சிகிச்சை மையம் 1995 முதல் இதே கோட்பாட்டைக் கடுங்குற்றம் செய்த சிறுவர்களிடம் கடைப்பிடிக்கிறது: தண்டனையை ஏற்றிக்கொண்டே போகாமல், ஒவ்வொரு நாளும் நல்ல நடத்தைக்கு உடனுக்குடன் சலுகை. அங்கே இருந்து வெளியேறியவர்கள் மறுபடி வன்முறையில் இறங்கியது, வழக்கமான சீர்திருத்தப் பள்ளிகளில் இருந்தவர்களோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ பாதி.

எரிந்து விழும் வகைக்கு இதோடு வேறொன்றும் தேவை. வெடிப்பதற்கு முன்பான அறிகுறியைத் தன் உடம்பிலேயே கவனிக்கவும், எதிராளி செய்தது வேண்டுமென்றேதானா என்று ஒருமுறை நிறுத்தி யோசிக்கவும் பழக்குவது. வீட்டில் அடி விழுந்துகொண்டிருந்தால் அந்தப் பயிற்சி நிற்காது. உலகம் அபாயமானது என்று அவன் மூளை போட்ட கணக்கு அங்கே சரியாகவே இருக்கிறதே.

நீதிமன்றங்களும் இந்த ஆய்வுகளை எட்டிப் பார்க்கத் தொடங்கி இருபது ஆண்டாகிறது. 18 வயதுக்குள் குற்றம் செய்தவருக்கு மரண தண்டனை கூடாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 2005-இல் தீர்ப்பளித்தபோது, வளரிளம் மூளையின் முதிர்ச்சியின்மை பற்றி அந்நாட்டு மருத்துவச் சங்கமும் உளவியல் சங்கமும் மனு தாக்கல் செய்திருந்தன. இந்தியாவில் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், கொடுங்குற்றம் சாட்டப்பட்ட 16-18 வயதினர் விஷயத்தில், குற்றத்தின் விளைவைப் புரிந்துகொள்ளும் திறன் அவருக்கு இருந்ததா என்று இளைஞர் நீதிக் குழுமம் முதல்நிலை மதிப்பீடு செய்யச் சொல்கிறது. அந்தக் கேள்விக்கு ஸ்கேன் பதில் சொல்லும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ‘16 வயதினர் சராசரியாக இப்படி’ என்பது வரைக்கும்தான் இந்த விஞ்ஞானம் வரும். ‘இந்தப் பையன், அந்த இரவில்’ என்பது அதற்கு எட்டாத இடம்.

பெற்றோர் கேட்பதும் கிட்டத்தட்ட அதையேதான்: ‘ஒரு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்துடலாமா டாக்டர்?’ வலிப்பு, தலையில் அடி, திடீரென்று குணமே மாறிப்போவது போன்றவை இருந்தால் மருத்துவரே எடுக்கச் சொல்வார். மற்றபடி நடத்தைக் கோளாற்றைக் காட்டும் ஸ்கேன் கிடையாது. பிள்ளையோடும் பெற்றோரோடும் ஆசிரியரோடும் தனித்தனியே உட்கார்ந்து பேசித்தான் கண்டறிகிறார்கள். எத்தனை வயதில் தொடங்கியது, அடித்தபின் வருத்தப்படுகிறானா, நாய்க்குட்டியிடம் எப்படி நடந்துகொள்கிறான், வீட்டில் அடி விழுகிறதா, பள்ளியில் படிப்பு எட்டுகிறதா என்றெல்லாம் கேட்பார்கள். பத்து வயதுக்கு முன்பே தொடங்கியிருந்தால் தள்ளிப்போடக் கூடாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளின் மனநலப் பிரிவில் காட்டலாம். எங்கே போவது என்றே தெரியாவிட்டால் மத்திய அரசின் டெலி மனஸ் சேவைக்கு 14416 என்ற எண்ணில் கட்டணமின்றி, தமிழிலேயே பேசிக் கேட்கலாம்.